டென்ஷனால் வந்த பிரஷருக்கு மாத்திரை வேண்டாமா? பரவும் தகவல் தவறு

"வேலை டென்ஷனால் வருவது நிஜமான பிரஷர் இல்லை. மனசு அமைதியானால் தானாக இறங்கிவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. தயவுசெய்து இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து ரத்த அழுத்தம் ஏறுவதும், பதற்றம் தணிந்ததும் இறங்குவதும் உண்மைதான். செய்தியில் சரியாக இருப்பது அவ்வளவுதான். வேலையிடத்தில் விபத்தையோ வன்முறையையோ சந்தித்த பலருக்கு அந்தப் பதற்றம் மாதக்கணக்கில் தணிவதே இல்லை. தூக்கம் கெடுகிறது, சிலருக்குப் புகையும் குடியும் கூடுகிறது. காயத்தின் வலிக்காகத் தொடர்ந்து போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும்; பலருக்கு இது தெரியாது. காரணம் எதுவானாலும், 140/90-க்கு மேலேயே நீடிக்கும் அழுத்தம் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதிலும் அட்டெனலால், குளோனிடின் போன்ற பிரஷர் மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும்.

'எனக்கு டென்ஷன் மட்டும்தான்' என்று தோன்றினால் வீட்டில் அளந்து பாருங்கள். 5 நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை. காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். வேலையில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனநல சிகிச்சை மாத்திரையோடு சேர்ந்து நடக்கட்டும், அதற்குப் பதிலாக அல்ல. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.