ஊசியைப் பார்க்காமல் கையைக் குறை சொல்லாதேங்கோ

போன சனி, ஞாயிறு யாழ்ப்பாணத்தில் நடந்த தையல் கண்காட்சியின் பூத்தையல் வகுப்பில் என்ன நடந்தது என்று திரும்பவும் விளக்கத் தேவையில்லை. வீடியோத் துண்டு எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிவிட்டது. அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்கள் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறார்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். ஏலவில்லை.

நாற்பது பேர் இருந்த வகுப்பு. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அறுபதை நெருங்கிய ஓர் அம்மாவிடம், "உங்களுக்குக் கை வராது அன்ரி, விடுங்கோ. மற்றவை செய்யிறதைப் பாத்துக்கொண்டிருங்கோ" என்று படிப்பித்த பிள்ளை சொன்னாள். அந்த அம்மா பிறேமை (துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையம்) மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வகுப்பு முடியுமட்டும் அப்படியே இருந்தார். வீடியோவில் அந்தப் பகுதி இல்லை.

அவருடைய கையில் ஒரு பிழையும் இல்லை. கொடுத்த ஊசி பிழை. பத்துத் தரம் சொல்ல வேண்டி வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

வகுப்புக் கட்டணம் 3000 ரூபா. அதற்குள் ஒரு பொதியும் அடக்கம்: நீலக் கோட்டில் பூ வரைந்த துணி, ஆறு அங்குலப் பிளாஸ்ரிக் பிறேம், மூன்று நிறத்தில் நூல், ஓர் ஊசி. வடிவம் செவ்வரத்தம்பூ. இதழுக்குச் சங்கிலித் தையல், காம்புக்குத் தண்டுத் தையல், பூவின் நடுவில் நீண்டு வருகிற தண்டின் நுனியில் மஞ்சள் பிரெஞ்சு முடிச்சு, அதாவது நூலை ஊசியில் சுற்றிப் போடுகிற குட்டி மணி மாதிரி முடிச்சு. வடிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அழகாகத்தான் வரைந்திருந்தார்கள். அந்த முடிச்சில்தான் அன்ரியின் நூல் திரும்பத் திரும்பப் பஞ்சாகி அறுந்தது.

பொதியில் இருந்தது பொத்தான் தைக்கிற சாதாரணக் கைத்தையல் ஊசி. காது சின்ன வட்டம். நூலோ ஆறு மெல்லிய இழை சேர்ந்த கட்டு நூல். "இழை பிரிக்கத் தேவையில்லை, அப்படியே கோருங்கோ, முடிச்சுப் பெரிசா வரும்" என்று அறிவித்தார்கள். ஆறு இழையும் அந்தக் காதுக்குள் நெரிந்து நிற்கும். ஊசி துணியில் போடுகிற துளை ஊசியின் பருமன்தான். ஆனால் அதற்குப் பின்னால் வருவது காதில் மடிந்த நூல், அதாவது பன்னிரண்டு இழை. துளை போதாது. ஒவ்வோர் இழுவையிலும் காதின் விளிம்பு ஒரு பக்கம், நெருக்கமாக நெய்த பொலியஸ்ரர் கலப்புத் துணி மறுபக்கம் என்று நூலை அராவும். ஐந்தாறு தையலில் மினுக்கம் போகும். பிறகு பஞ்சு கிளம்பும். பிறகு அறும். முப்பது வருசம் தைத்தவர் அந்த ஊசியால் போட்டாலும் அதுதான் நடக்கும்.

பூத்தையல் ஊசிக்குக் காது நீளமாக இருப்பது இதற்காகத்தான். இழைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்ள இடம் வேண்டும். நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிதாகும், இதைத் தலைகீழாக நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஒற்றை இழைக்கு 9 அல்லது 10. இரண்டு இழைக்கு 7 அல்லது 8. மூன்று இழைக்கு 5. ஆறு இழையையும் சேர்த்துத்தான் தைப்பேன் என்றால் 3. பிரெஞ்சு முடிச்சுக்கென்றே இன்னொரு வகை இருக்கிறது: மில்லினர் ஊசி என்பார்கள். நீளமானது, காதும் தண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். சுற்றிய நூல் காதடியில் சிக்காமல் வழுக்கி இறங்கிவிடும்.

முடிச்சுப் போடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன், அந்த வகுப்பில் சொல்லவில்லை. நூலை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் வெட்டுங்கோ. அதைவிட நீளம் என்றால் ஒரே இடம் காதில் கூடத் தரம் உரசும். இழைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுத்து, வேண்டியதைத் திரும்பச் சேருங்கோ. இரண்டு மூன்றைச் சேர்த்து இழுத்தால் மிச்சம் சுருண்டு முடிச்சாகும். ஊசியை மேலே எடுத்ததும் நூலை இடக்கையால் இழுத்துப் பிடித்து, ஊசியில் ஒரு சுற்று, கூடினால் இரண்டு. பிறகு ஊசியை வந்த துளையிலேயே இறக்கக் கூடாது. துணியின் ஓர் இழை, இரண்டு இழை தள்ளி இறக்க வேண்டும். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். ஊசி முழுவதும் கீழே போகுமட்டும் இடக்கை நூலை விடக்கூடாது. பெரிய முடிச்சு வேண்டுமென்றால் இழையைக் கூட்டி, அதற்கேற்ற ஊசியை எடுங்கோ. சுற்றைக் கூட்டினால் முடிச்சு தளர்ந்து ஒரு பக்கம் சரியும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டால் ஏறிய முறுக்கு தானாகக் கழன்றுவிடும்.

இவ்வளவும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் 2 மணித்தியாலத்தில் 40 பேர் என்றால் ஓர் ஆளுக்கு 3 நிமிடம்தான் வரும். அதிலும் அறிமுகமும் படம் எடுப்பும் போனது. மேசை இல்லை, பிளாஸ்ரிக் கதிரை மட்டும். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்ததால் ஒவ்வொருவருடைய நிழலும் அவரவர் துணியிலேயே விழுந்தது. நாற்பது வயதுக்குப் பிறகு வெள்ளெழுத்து வராத கண் ஏது? அந்த நிழலில் சின்ன வட்டக் காதுக்குள் ஆறு இழை கோர்த்தாரே அந்த அம்மா, எச்சில் தொடாமல், நூலை ஊசியின் மேல் மடித்து நகத்தால் தட்டையாக்கி, அந்த மடிப்பைக் காதுக்குள் தள்ளி. கை வராதவர் செய்கிற வேலையா அது?

பிறேமைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்ரிக் வளையம் துணியைப் பிடிக்காது, வழுக்கும். உள்வளையத்தில் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிட்டால் பிடிக்கும். துணி தொய்ந்திருந்தால் முடிச்சு ஒருநாளும் நிற்காது. தட்டினால் பறை மாதிரி இருக்க வேண்டும். இறுக்கும்போது நெசவின் நேருக்கு இழுக்க வேண்டும், மூலைவாட்டில் இழுத்தால் பூ கோணும்.

இனி, எனக்கு வரப்போகிற பதில்கள்.

"சின்ன விசயத்தைப் பெரிசாக்கிறியள்." நாற்பது பேருக்கு முன்னால் தலை குனிந்து இருந்தவருக்கு அது சின்ன விசயமாக இருந்திருக்காது.

"யூடியூப்பில எல்லாம் இருக்கு, வகுப்பு எதுக்கு?" திரையில் இருப்பவர் உங்கள் கையைப் பார்க்கமாட்டார். நூல் ஏன் அறுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லத்தான் வகுப்பு. அதற்குத்தான் காசு.

"படிப்பிச்சது சின்னப் பிள்ளை, அவளின்ர பிழைப்பைக் கெடுக்காதேங்கோ." அந்தப் பிள்ளையின் பெயரையோ கண்காட்சியின் பெயரையோ நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவளுடைய ஆரி வேலையைப் பார்த்தேன். கொக்கி ஊசியைக் கீழே இறக்கி, நூலைக் கொழுவி, வெளியே எடுக்கும்போது துணியில் மாட்டாமல் அரைவட்டம் திருப்புகிற அந்தச் சுழற்சி அவள் கையில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. அவளிடம் திறமை இருக்கிறது. பொதியைக் கட்டியதும் அவளாக இருக்காது. ஆனால் நூல் அறுந்தவுடன் ஊசியை வாங்கிப் பார்த்திருக்க வேண்டியது அவள்தான்.

அடுத்ததுதான் எனக்கு உண்மையாகவே கஷ்டமான பதில். "யாழ்ப்பாணத்தில இப்பிடி ஒண்டு வைக்கிறதே பெரிசு. குறை சொன்னால் அடுத்தமுறை வரமாட்டினம்." இதை நானும் யோசித்தேன். நல்ல நூலுக்கும், கட்டம் கட்டமாக நெய்த ஐடா என்கிற பூத்தையல் துணிக்கும் கொழும்புக்குப் போகிறவர்களிடம் துண்டெழுதிக் கொடுத்து, 400 கிலோமீற்றர் தாண்டிப் புறக்கோட்டையிலிருந்து வருமட்டும் காத்திருக்கிற சனம் நாங்கள். இங்கே கஸ்தூரியார் வீதிக் கடையில் கேட்ட நிற நம்பர் இல்லாவிட்டால் கிட்டத்தட்ட அதே நிறத்தை எடுத்துக்கொண்டு வந்து, பாதிப் பூ ஒரு சிவப்பு, பாதிப் பூ இன்னொரு சிவப்பாகத் தைத்து முடித்தவர்கள். நம்முடைய ஊரில், ஒரே மண்டபத்தில், வகுப்பும் கடையும் சேர்ந்து வந்தபோது எவ்வளவு சந்தோசம். நெல்லியடியிலிருந்தும் சுன்னாகத்திலிருந்தும் காலமை பஸ் பிடித்து வந்தார்கள். அதனால்தான் நோகிறது. கிடைப்பதே பெரிது என்று வாயை மூடிக்கொண்டால், மலிவான ஊசியும் பழைய துணியும் தள்ளிவிடுகிற இடமாகத்தான் எங்களை வைத்திருப்பார்கள். கொழும்பில் இதே கட்டணத்துக்கு இந்தப் பொதியைக் கொடுத்திருப்பார்களா?

கடைப் பக்கமும் அப்படித்தான். ஐம்பது நிறம் ஒரு பையில், கடுதாசிப் பட்டி இல்லாமல். பட்டியில்தான் கம்பனியின் பெயரும் நிற நம்பரும் இருக்கும். டிஎம்சி என்றால் 310 கறுப்பு, அங்கர் என்றால் 403 கறுப்பு. நம்பர் இல்லாத நூல் முடிந்தால் திரும்ப அதே நிறத்தை எப்படித் தேடுவது? நல்ல நூல் கட்டு ஒன்றில் 8 மீற்றர் இருக்கும். 45 சென்ரிமீற்றராக வெட்டினால் 17 துண்டு, இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 51 ஊசிக்கு வரும். பட்டி இல்லாத கட்டில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாங்கியவர்கள் ஒரு நுனியைக் கொளுத்திப் பாருங்கோ. பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம், மெல்லிய சாம்பல். உருகி மணி மாதிரி இறுகினால் பொலியஸ்ரர். கடும் சிவப்பை நனைத்து வெள்ளைத் துணிக்குள் அழுத்துங்கோ, சாயம் இறங்குகிறதா என்று தெரியும். இறங்கினால் வெள்ளைத் துணியில் அதைத் தைக்கவேண்டாம்.

இன்னுமொன்று, இது அவசரம். வகுப்பு முடிவில் "வீட்டை போய் அயன் பண்ணினால் நீலக் கோடு போயிடும்" என்று சொன்னார்கள். தயவுசெய்து அயன் பண்ணாதேங்கோ. அது தண்ணீரில் கரைகிற பேனை. என்னுடைய துணியின் ஓரத்தில் ஈர விரலை வைத்தேன், கோடு கரைந்தது. சூடு பட்டால் அந்த நீலம் துணியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசுங்கோ, சவர்க்காரம் பிறகு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், நுரை வராது என்று சவர்க்காரத்தைக் கூட்டாதேங்கோ, அலசல் தண்ணீரைக் கூட்டுங்கோ. காய்ந்து, கோடு முழுவதும் போனதைப் பார்த்த பிறகு, துவாயில் பூவைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கம் அயன் பிடியுங்கோ, அப்போதுதான் முடிச்சு நசியாது. சூட்டில் மறைகிற பேனை வேறு. அதில் வரைந்து தைத்ததைக் கனடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பினால், அங்கத்தைய குளிரில் மறைந்த கோடு திரும்பி வரும். எந்தப் பேனை என்று தெரியாமல் சூடு காட்டக்கூடாது.

நாற்பது பேரில் எத்தனை பேர் இந்நேரம் அயன் பண்ணியிருப்பார்கள்? அவர்களும் தங்களுக்குக் கை வராது என்றுதான் நினைப்பார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். பொருள் பிழைத்தாலும், சொல்லிக்கொடுத்தது பிழைத்தாலும், பெண்கள் தங்கள் கையைத்தான் பார்க்கிறார்கள். அதிலும் அந்த வயதுப் பெண்கள். பள்ளிக்கூடத்தில் தையல் பாடத்துக்கு மாதிரித் துண்டுகளை ஒட்டிக் கொப்பி வைத்திருந்தவர்கள். 90களில் போரால் கரண்ட் இல்லாத வருசங்களில் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளின் சட்டைக்குக் கைமடிப்புத் தைத்தவர்கள். 95 இடப்பெயர்வில் ஊர் ஊராக நடந்தவர்கள். அவர்களில் ஒருவர், பிள்ளைகள் எல்லாம் வெளியில் போன பிறகு, தனக்கென்று ஒரு சனிக்கிழமை ஒதுக்கி, காசு கட்டி, நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரிடமா "பாத்துக்கொண்டிருங்கோ" என்பது?

அடுத்தமுறை நடத்துகிறவர்கள் ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேரை எடுங்கோ. கட்டணத்தைக் கூட்டினாலும் வருவோம். பொதிக்குள் இரண்டு அளவில் பூத்தையல் ஊசி வையுங்கோ. துணி பருத்தி என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்து வெட்டுங்கோ, பிறகு சுருங்காது. ஆளுக்கொரு மேசை இல்லாவிட்டாலும் யன்னல் பக்கமாகக் கதிரையைத் திருப்பலாம், அதற்குக் காசு தேவையில்லை.

அன்ரி, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்களைத் தெரிந்த யாராவது இதை வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அந்த ஊசியை எறிந்துவிடுங்கோ. 7ஆம் நம்பர் பூத்தையல் ஊசி, அதே மஞ்சள் நூலில் இரண்டு இழை, ஒரு முழங்கை நீளம். காலமை விறாந்தையில், வெளிச்சம் இடப்பக்கமாக விழுகிற மாதிரி இருந்துகொண்டு, பழைய பருத்தித் துண்டொன்றில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பத்து முடிச்சுப் போட்டுப் பாருங்கோ. பிறகு செவ்வரத்தம்பூவை எடுங்கோ. அறுந்த இடத்தில் நூல்நுனியைப் பின்பக்கம் எடுத்து, பக்கத்துத் தையல்களுக்குக் கீழே நாலைந்து தரம் கோர்த்து ஒட்ட வெட்டிவிட்டால் போதும், முன்பக்கம் ஒன்றும் தெரியாது.