குதிரை வண்டிக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்வதை நிறுத்துங்கள்

அண்ணா சாலை நெரிசலில் பேருந்து நகராமல் நிற்கும்போதெல்லாம், "அந்தக் காலத்தில் குதிரை வண்டியில் எவ்வளவு நிம்மதியாகப் போய்வந்தார்கள்" என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பிவிடுகிறது. வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால், உறவினர் குழுவில் மவுண்ட் ரோட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படமும் அதே ஏக்கமும் காத்திருக்கின்றன. கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளையர் ஆட்சியில் குதிரையை நம்பி ஊர் போய்வருவது, காசு படைத்த மிகச் சிலரைத் தவிர மற்ற அனைவருக்கும் அன்றாட அவதியாகத்தான் இருந்தது. அந்த அவதியைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் படத்திலேயே இருப்பதில்லை என்பதுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது.

முதலில் அந்தப் பழைய படங்களில் தெரியும் கோச்சு வண்டி யாருடையது என்று கேளுங்கள். கவர்னர், நீதிபதி, கம்பெனித் துரை, ஜமீன்தார், பெரிய வணிகர் ஆகியோரைத் தாண்டி அந்தப் பட்டியல் அதிகம் நீளாது. தென்னாட்டின் தட்பவெப்பம் குதிரை வளர்ப்புக்குத் தோதானதன்று; நல்ல குதிரை வேண்டுமென்றால் பழங்காலம் தொட்டே அது கடல் கடந்துதான் வந்தாக வேண்டும். முன்பு அரபு நாட்டிலிருந்தும், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய குதிரையை வாங்க எத்தனை குடும்பங்களால் முடிந்திருக்கும்? வாங்கினாலும் செலவு முடிந்துவிடாது. வண்டி ஓடாத நாளிலும் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் தண்ணீரும் வேண்டும். லாடம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். லாயத்தை நாள்தோறும் கூட்டி அள்ள வேண்டும்.

இந்த வேலைகளைத் துரை செய்யவில்லை. சென்னையில் ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரனும், புல் கொண்டுவர ஒரு புல்லுக்காரியும் என்பது அன்றைய வழக்கம். புல்லுக்காரி பெரும்பாலும் அந்தக் குதிரைக்காரனின் மனைவியாகவே இருப்பாள். துரை வண்டியில் ஏறி உட்கார்ந்தால் குதிரைக்காரன் வண்டியோடு கூடவே ஓடுவான், வெறுங்காலோடு, சாலையின் சூட்டில். அவன் மனைவியோ விடியுமுன் கிளம்பி, கோடையில் கருகிக் கிடக்கும் வெளிகளில் குந்தியபடி நகர்ந்து நகர்ந்து அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணைத் தட்டி உதறி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து திரும்ப வேண்டும். நீங்கள் பெருமூச்சு விடும் அந்த நிம்மதியான பயணம் இந்த இரண்டு பேரின் கால்களில்தான் நடந்தது. அவர்களைப் படம் பிடித்து யாரும் பகிர்வதில்லை.

கொஞ்சம் காசு சேர்ந்த சாமானியர்களுக்குக் கிடைத்தது வாடகை ஜட்கா என்னும் ஒற்றைக் குதிரை வண்டிதான். அதில் போவது என்ன சுகம் என்று கேட்கிறேன். பின்பக்கமாகக் குனிந்து ஏறி, புல்லைப் பரப்பி மேலே விரித்த பாயில் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். வண்டி கிளம்புமுன்பே முன்பாரம், பின்பாரம் என்று வண்டிக்காரர் ஆட்களை நகர்த்தத் தொடங்கிவிடுவார். பின்னால் கனம் கூடினால் வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு வார் குதிரையின் வயிற்றை இறுக்கும். முன்னால் கூடினால் அவ்வளவு எடையும் அதன் முதுகில் இறங்கும். ஆகவே பிள்ளைத்தாச்சியும் கிழவரும் மூட்டையும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி, முழங்காலை நீட்டக்கூட இடமில்லாமல், ஒவ்வொரு பள்ளத்துக்கும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். வழியில் குதிரை சண்டித்தனம் செய்து நின்றுவிட்டால் அதற்கு விழும் சவுக்கடியைப் பார்த்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். வாடகை வண்டிகளின் கட்டணத்தையும் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையையும் நகராட்சி அமைப்புகள் வரையறுக்க வழிசெய்யும் சட்டம் 1879இல் வந்தது. விலங்குகளைப் பொது இடத்தில் வதைப்பதையும் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதையும் குற்றமாக்கிய சட்டம் 1890இல் வந்தது. தெருவில் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் இந்தச் சட்டங்களுக்கு என்ன தேவை வந்திருக்கும்?

நகரம் பெரிதாகப் பெரிதாகக் குதிரையால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கல்கத்தாவில் 1873 பிப்ரவரியில் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை ஓடத் தொடங்கிய குதிரை டிராம் அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. 1880இல் மீண்டும் தொடங்கியபின், நூற்றாண்டின் இறுதியில் டிராம் நிறுவனம் சுமார் 1,000 குதிரைகளை வைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. ஒரு குதிரை நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் சாணம் போடும். ஆயிரம் குதிரைகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் மொய்க்கும் ஈக்களையும் மழையில் அது கரைந்து ஓடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய புகையைச் சபிக்கிறவர்கள் இந்த நாற்றத்தை ஒரு நாளும் நினைத்துப் பார்ப்பதில்லை. குதிரையிலிருந்து மனிதனுக்குத் தொற்றி உயிரைக் குடிக்கும் கிளாண்டர்ஸ் நோயைக் கட்டுப்படுத்த 1899இல் தனிச் சட்டமே போட்டார்கள். சென்னை நல்லவேளையாக 1895இலேயே மின்சார டிராமுக்குப் போனது.

இவை அனைத்தையும்கூட, வசதிக் குறைவு என்று ஒருவர் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் காசு கொடுக்கத் தயாராக இருந்தும் வண்டி மறுக்கப்பட்டவர்களின் கதையை எப்படிக் கடப்பது? 1929 அக்டோபரில், தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகச் சுற்றுப்பயணம் போன டாக்டர் அம்பேத்கர், இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள சாலிஸ்கானில் ரயிலை விட்டு இறங்கினார். தீண்டப்படாதோராக ஒதுக்கப்பட்ட மகர் சாதியினரின் குடியிருப்பு நிலையத்திலிருந்து சுமார் இரண்டு மைல். நடுவில் ஓர் ஆறு. நிலையத்தில் டோங்கா எனப்படும் வாடகைக் குதிரை வண்டிகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் சுமார் ஒரு மணி நேரம் அவர் காத்திருக்க நேர்ந்தது. காரணம், தீண்டப்படாதவரை ஏற்றி வண்டி ஓட்டுவது தன் கௌரவத்துக்கு இழுக்கு என்று எந்த டோங்காக்காரரும் வரவில்லை. தங்கள் விருந்தினரை நடக்கவைக்க அந்த மக்களுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குத் தருவது, ஓட்ட ஆள் தருவதில்லை என்று பேசி முடித்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் ஓரக்கல்லில் மோதியது. அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கியெறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. வெளிநாட்டில் படித்துப் பட்டம் பெற்ற, அரசாங்கம் அனுப்பிய வழக்கறிஞருக்கே இந்தக் கதி என்றால், பிரசவ வலியில் துடித்த ஓர் ஏழைப் பெண்ணை ஏற்ற அந்த நிலையத்தில் எந்த வண்டி வந்திருக்கும்? இருபது ரூபாய்ச் சீட்டோடு யார் பக்கத்திலும் உட்கார முடிகிற ஒரு பேருந்தில் இருந்துகொண்டு அந்தக் காலத்துக்கு ஏங்குவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த ஏக்கம் வெறும் பேச்சோடு நின்றாலாவது பரவாயில்லை. மும்பையில் விக்டோரியா எனப்படும் குதிரை வண்டிகளின் உல்லாசச் சவாரி சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தபோது, மரபு போயிற்றே என்று அங்கலாய்த்தவர்கள் இங்கும் இருந்தார்கள். நம் ஊரிலோ மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். மேளமும் வெடியும் காதருகில் முழங்க, ஜெனரேட்டர் விளக்குகளுக்கு நடுவே, தார்ச்சாலையில் லாடம் வழுக்க அந்தக் குதிரை நின்று நின்று நகர்வதை மண்டப வாசலில் அருகில் போய்ப் பார்த்திருக்கிறேன். கண்பட்டைக்குள் அதன் விழி பிதுங்கியிருந்தது. வாயோரம் கடிவாளம் உரசிப் புண்ணாகியிருந்தது. உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு அந்த வண்டியைப் பேசாதீர்கள். காரில் வாருங்கள், நடந்து வாருங்கள், எப்படியாவது வாருங்கள்.