அந்தச் சதவீதம் மதிப்பெண் அல்ல

இயக்குநர் கெல்லி ரைகார்ட்டின் ‘ஃபர்ஸ்ட் கவ்’ படம் பற்றி, ராட்டன் டொமேட்டோஸ் என்ற திரை விமர்சனத் தளத்தில் வரும் பார்வையாளர் சதவீதம்தான் ரசிகர்கள் நூற்றுக்குப் போட்ட மதிப்பெண் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை நண்பரே. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரமோ அதற்கு மேலோ கொடுத்தவர்கள் நூற்றில் எத்தனை பேர் என்பதுதான் அந்த எண். எல்லாருமே மூன்று நட்சத்திரம் கொடுத்தால் சராசரி அறுபது வரும், ஆனால் அங்கே தெரிவது பூஜ்யம்!

அந்தத் தளத்தின் விளக்கப் பக்கத்திலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. அப்புறம், ரசிகர் விமர்சனங்களில் ஒவ்வொருவரும் கொடுத்த நட்சத்திரத்தையும் பாருங்கள். படத்தில் பணக்காரரின் பசுவிடம் இரவில் திருட்டுத்தனமாகப் பால் கறந்துகொண்டே சமையல்காரர் அதற்கு ஆறுதல் சொல்வாரே, அந்தக் காட்சி சிலருக்கு மெதுவாகப் பட்டிருக்கலாம். அது வேறு பேச்சு.