எடை கூடிவிட்டால் எல்லாம் சரியா?

அந்தப் பேட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கீழே வந்த கமெண்ட்களையும்தான். அனோரெக்ஸியாவிலிருந்து, அதாவது குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோயிலிருந்து, மீண்டு வருடங்கள் ஆன பெண், "இன்றைக்கும் தட்டு முன்னால் உட்கார்ந்தால் படபடக்கிறது" என்கிறாள். அதற்கு ஒருவர்: "நல்லாத்தானே இருக்க, சோத்துக்குக் கஷ்டப்பட்டிருந்தா இந்தத் திமிர் வருமா?" இரண்டு நாளாகத் தூக்கமில்லை எனக்கு.

எடை ஏறுவது வேறு, மூளை ஆறுவது வேறு.

1991இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வால்டர் கே என்ற மனநல மருத்துவரின் குழு, அனோரெக்ஸியாவிலிருந்து மீண்டு வெகுநாளாக எடை சீராக இருந்தவர்களின் தண்டுவட நீரைச் சோதித்தது. மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான செரோடோனின் சிதைந்து உண்டாகும் பொருள், நோயே வராதவர்களைவிட அவர்களிடம் கூடுதலாக இருந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது குறைந்திருந்தது, மீண்ட பின் அளவைத் தாண்டியிருக்கிறது. 1998இல் புலிமியாவிலிருந்து (அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுப்பது போன்ற வழிகளில் வெளியேற்றும் நோய்) மீண்ட பெண்களிடமும் அதே கூடுதல்தான்.

செரோடோனினுக்கு மூலப்பொருள் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம். அது சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். சாப்பிடாவிட்டால் டிரிப்டோபன் குறையும், அதோடு செரோடோனினும் குறைந்து பதற்றமும் தணியும் என்பது அந்தக் குழுவின் விளக்கம். அதைப் படித்த அன்று அழுதேன். 19 வயதில், ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்ட முதல் வாரம் பரீட்சை பயம்கூட அடங்கிப்போனது. திரும்பச் சாப்பிட ஆரம்பித்தபோது ஒவ்வொரு கவளத்தோடும் அந்தப் பயமும் உள்ளே இறங்கியது. அம்மா தயிர்சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

"எல்லாத்துக்கும் மூளை ரசாயனம் மேல பழியா?" என்பீர்கள். இந்த மாற்றம் முன்பே இருந்ததா, நோய் விட்டுப்போன தழும்பா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, ஆராய்ச்சியாளர்களே கேட்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டது அதுவா? திமிர் என்றீர்கள். 1944-45இல் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்குச் சாப்பாட்டு நினைப்பு மாதக்கணக்கில் விடவில்லை. அவர்களுக்கும் திமிரா?

போன மாதம் கல்யாணப் பந்தியில் சித்தி என் கன்னத்தைத் தொட்டு, "பூசினாப்புல ஆயிட்ட, இனி என்ன குறை?" என்றார். பாசமாகத்தான் சொன்னார். இலையில் இருந்த இரண்டாவது இட்லியை அதற்குமேல் என்னால் தொட முடியவில்லை. சித்தி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு எழுந்து போனது உங்கள் மேல் கோபத்தில் இல்லை.