பெண்கள் அணி கோப்பையைத் தூக்கிய நாளில் கிளப்பை நடத்துகிறவர் எங்கே இருந்தார்?

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைட்டடின் ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2024 மே மாதம் யுனைட்டட் ஆண்கள் அணி எஃப்ஏ (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பையை வென்ற கதையைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். மே 25, லண்டனின் வெம்பிளி மைதானம், மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றோம், கர்னாச்சோ ஒன்று, மைனூ ஒன்று. சரி. அதற்குப் பதின்மூன்று நாட்கள் முன்பு அதே வெம்பிளியில் அதே கிளப் இன்னொரு எஃப்ஏ கோப்பையை வென்றதே, அதில் கோல் போட்டவர்கள் யார்? மே 12 அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க ஓடியது ஆர்சனலுக்கு எதிரான ஆண்கள் லீக் ஆட்டத்தைப் பற்றிய பேச்சுதான். 0-1 என்று தோற்ற ஆட்டம் அது. அதே நாளில் யுனைட்டட் பெண்கள் டாட்டன்ஹாமை 4-0 என்று அடித்து, கிளப்பின் பெண்கள் அணிக்கான முதல் பெரிய கோப்பையைத் தூக்கினார்கள். மைதானத்தில் 76,082 பேர் இருந்தார்கள். நம் குழுவில் ஒரு கைதட்டல்கூட இல்லை.

நண்பர்களை விடுங்கள். கிளப்பை நடத்துகிறவரே அங்கே இல்லை. 2024 பிப்ரவரியில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் வாங்கி, கால்பந்து நிர்வாகம் முழுவதையும் கையில் எடுத்த ஜிம் ராட்கிளிஃப், அன்று யுனைட்டடின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஆண்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போனார். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் அது. மகள் பரிசு வாங்கும் மேடைக்குப் போகாமல் மகனின் வழக்கமான வகுப்பை எட்டிப் பார்க்கப் போகும் அப்பாவைப் பற்றி நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் நான் அவரைப் பற்றியும் சொல்கிறேன்.

அந்த சீசனை முழுதாகச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

பெண்கள் எஃப்ஏ கோப்பை ஒரு நீண்ட நாக் அவுட், தோற்றால் வெளியே. நானூறுக்கும் மேற்பட்ட அணிகள் பெயர் கொடுக்கும். பகலில் வேலைக்குப் போய், மாலையில் விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி எடுக்கும் பெண்கள்தான் அதில் பெரும்பாலானவர்கள். முதல் டிவிஷன் அணிகள் நான்காம் சுற்றில்தான் உள்ளே வரும். யுனைட்டட் அப்படி வந்து நியூகாசில், சவுத்தாம்ப்டன், பிரைட்டன் என்று மூன்று அணிகளைத் தாண்டியது. அந்த மூன்று ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரையிறுதியில் செல்சி வந்தபோதுதான் கதை மாறியது.

செல்சி அப்போது தொடர்ந்து மூன்று முறை இந்தக் கோப்பையை வென்றிருந்த அணி. 2023 இறுதிப் போட்டியில் இதே யுனைட்டடை 1-0 என்று தோற்கடித்ததும் அவர்கள்தான். சாம் கெர் போட்ட ஒரே கோல். அன்று வெம்பிளிக்கு வந்தவர்கள் 77,390 பேர். அப்புறம், பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸுக்கு அது செல்சியில் கடைசி சீசன். அமெரிக்கத் தேசிய அணிக்குப் போவதற்கு முன் எல்லாவற்றையும் வென்றுவிட்டுப் போக வேண்டும் என்று அணியே துடித்துக்கொண்டிருந்தது. யுனைட்டட் அதுவரை எந்தப் போட்டியிலும் செல்சியை வென்றதே இல்லை.

ஏப்ரல் 14, லீ ஊரின் மைதானம். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, யுனைட்டடின் லூசியா கார்சியா தலையால் முட்டி கோல் போட்டார். அடுத்தது ரேச்சல் வில்லியம்ஸ். இடைவேளைக்கு முன் செல்சியின் லாரன் ஜேம்ஸ் ஒன்றைத் திருப்பினார். இரண்டாம் பாதி முழுக்க செல்சி அழுத்தியது, யுனைட்டட் தாங்கியது. 2-1. அந்த சீசன் லீக்கில் தட்டுத் தடுமாறி ஐந்தாம் இடத்தில் முடித்த அணி யுனைட்டட். லீக்கில் ஒரு மோசமான மாதம் வந்தால் சீசனே போய்விடும். நாக் அவுட்டில் அந்தத் தொண்ணூறு நிமிடம் மட்டும் போதும். அதனால்தான் எனக்கு லீக்கைவிடக் கோப்பை பிடிக்கும்.

ரேச்சல் வில்லியம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போது அவருக்கு வயது 36. பெண்கள் கால்பந்தில் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத நாட்களில் பூச்சு வேலை செய்துகொண்டே ஆடியவர். சுவர் பூசிய கைகள் கடைசியில் வெம்பிளியில் கோப்பையைப் பிடித்தன. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

டாட்டன்ஹாமின் பாதை இதைவிடக் கடினம். காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டி. தோற்றுவிட்டார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டியபோது, கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் பெத்தனி இங்கிலாண்ட் சமன் செய்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் பெக்கி ஸ்பென்சர் காப்பாற்றினார். அரையிறுதியில் லெஸ்டர் முதலில் கோல் போட, 84ஆவது நிமிடத்தில் ஜெஸ் நாஸ் சமன் செய்ய, எக்ஸ்ட்ரா டைமில் 118ஆவது நிமிடத்தில் மார்த்தா தாமஸ் வென்று கொடுத்தார். மார்த்தா தாமஸ் முன்பு யுனைட்டடில் இருந்தவர்! டாட்டன்ஹாம் பெண்களுக்கு அதுவே முதல் எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டி.

அந்த இறுதிப் போட்டியில் அவர்களுடைய சிறந்த நடுகள வீராங்கனைகளில் ஒருவர் ஆட முடியவில்லை. கிரேஸ் கிளின்டன். காயம் இல்லை, தடை இல்லை. அவர் யுனைட்டடிலிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக, வந்தவர், சொந்த கிளப்புக்கு எதிராக ஆடக்கூடாது என்பது விதி. அந்த சீசனில் இங்கிலாந்துத் தேசிய அணிக்கே ஆடிவிட்ட இளம்பெண், வாழ்க்கையின் மிகப்பெரிய ஆட்டத்தை கேலரியிலிருந்து பார்த்தார். விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இறுதிப் போட்டியின் முதல் பாதி முடியப் போகிற நேரம். யுனைட்டட் வீராங்கனை எல்லா டூன் (Ella Toone) பந்தை வாங்கி, எதிரில் இருந்தவரை விலக்கி, பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தார். ஸ்பென்சர் பாய்ந்தும் எட்டவில்லை. அந்த ஒரு கோலை யூடியூபில் போய்ப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 54ஆவது நிமிடம், கேட்டி ஸெலம் எடுத்த ஃப்ரீ கிக், வில்லியம்ஸின் ஹெடர். மூன்று நிமிடம் கழித்து, ஷூட் அவுட்டில் அணியைக் காப்பாற்றிய அதே ஸ்பென்சர் பந்தைத் தவறாக உதைக்க, கார்சியா உள்ளே தள்ளினார். 74இல் கார்சியாவே நான்காவது. கேப்டன் ஸெலம் கோப்பையைத் தூக்கினார்.

டூன், ஸெலம் இருவரும் சின்ன வயதில் யுனைட்டடின் சிறுமியர் அணிகளில் வளர்ந்தவர்கள். டூன் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர்க்காரர், பிறவி யுனைட்டட் ரசிகை. வளர்ந்தபின் இருவருமே வேறு கிளப்புக்குப் போக வேண்டியிருந்தது. டூன் பிளாக்பர்னுக்கு, ஸெலம் லிவர்பூலுக்கு. திறமை போதாமல் இல்லை. பெரியவர்களுக்கான பெண்கள் அணியே யுனைட்டடில் அப்போது கிடையாது. 2005இல் கிளப் அதைக் கலைத்துவிட்டது. பதின்மூன்று வருடம், உலகத்தின் பணக்கார கிளப்புகளில் ஒன்றான யுனைட்டடுக்குப் பெண்கள் அணி இல்லை. 2018இல்தான் மறுபடி தொடங்கினார்கள். அப்படித் தொடங்கிய அணி ஆறாவது சீசனில் எஃப்ஏ கோப்பையை வென்றது. இதைக் கொண்டாட ஒரு கிளப்புக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

நடந்தது என்ன? ஆறே நாளில், மே 18, ஓல்ட் டிராஃபோர்டில் செல்சி வந்து 6-0 என்று அடித்து லீக் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனது. அது ஆட்டத்தில் நடக்கிற விஷயம், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஜூனில் வந்த செய்திகள்தான் என்னை உடைத்தன. ராட்கிளிஃப் ஒரு பேட்டியில், பெண்கள் அணியைப் பற்றி இன்னும் விரிவாகப் பார்க்கவில்லை, கவனம் முழுக்க ஆண்கள் அணிமேல்தான் என்ற பொருளில் பேசினார். கேரிங்டன் பயிற்சி மையத்தில் ஆண்கள் கட்டடத்தைப் புதுப்பிக்க ஐந்து கோடி பவுண்டு. அந்த வேலை முடியும்வரை ஆண்கள் எங்கே இருப்பார்கள்? பெண்கள் அணிக்கென்று முந்தைய வருடம்தான் திறந்த புதுக் கட்டடத்தில். பெண்கள்? தற்காலிகமாகக் கொண்டுவந்து வைக்கும் கன்டெய்னர் மாதிரி அறைகளில். கோப்பை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை!

அந்தக் கோடையில் யார் யார் போனார்கள் என்று பாருங்கள். கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஸெலம் அமெரிக்காவுக்கு. உலகக்கோப்பை இறுதியில் பெனால்டி தடுத்த, இங்கிலாந்து அணியின் முதல் தேர்வாக இருந்த கோல்கீப்பர் மேரி இயர்ப்ஸ் பாரிசுக்கு. இறுதியில் இரண்டு கோல் போட்ட கார்சியா மெக்சிகோவுக்கு. நிகிதா பாரிஸ் பிரைட்டனுக்கு. ஒவ்வொருவருக்கும் சொந்தக் காரணம் இருக்கும். ஆனால் வென்ற அணியைக் கட்டிக் காக்க வேண்டும் என்று துடிக்கிற கிளப்பில் இத்தனை பேர் ஒரே கோடையில் கிளம்பமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இங்கே வழக்கமாக வரும் பதில் எனக்குத் தெரியும். "ஆண்கள் அணிதான் சம்பாதிக்கிறது, பெண்கள் அணி நஷ்டத்தில் ஓடுகிறது, முதலாளி வருமானத்தைத்தானே பார்ப்பார்?" உண்மைதான், ஒளிபரப்புப் பணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வெம்பிளி டிக்கெட்டும் பெண்கள் இறுதிக்கு மிகவும் மலிவு. நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வித்தியாசம் எப்படி வந்தது? 1920ஆம் வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியபோது 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம், 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கிளப்புகளின் மைதானங்களில் அவர்கள் ஆட எஃப்ஏ தடை போட்டது. ஐம்பது வருடம் நீடித்த தடை. ஆண்கள் எஃப்ஏ கோப்பை 1871இல் தொடங்கியது, பெண்கள் கோப்பை 1970-71 சீசனில். முதல் இறுதியில் சவுத்தாம்ப்டன் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட்டன் திஸிலை 4-1 என்று வென்றபோது அதை நடத்தியதுகூட எஃப்ஏ அல்ல, பெண்களே அமைத்துக்கொண்ட சங்கம். இறுதிப் போட்டி வெம்பிளிக்கு வந்தது 2015இல்தான். அந்த முதல் வருடம் 30,710 பேர் வந்தார்கள். எட்டே வருடத்தில் அது 77,390 ஆனது. ஆள் வரமாட்டார்கள் என்று இன்னும் சொல்கிறவர்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பரிசுப் பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் பெண்கள் கோப்பையை வென்ற அணிக்கு 25,000 பவுண்டு. 2023-24 சீசனுக்கு எஃப்ஏ மொத்தப் பரிசுத்தொகையை முப்பது லட்சத்திலிருந்து அறுபது லட்சம் பவுண்டாக இரட்டிப்பாக்கியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். கீழ்மட்ட அணிகளுக்கு அந்தக் காசு பேருந்துச் செலவு, மைதான வாடகை. இருந்தும் அந்த மே மாதம் யுனைட்டடின் இரண்டு அணிகளும் ஒரே வெம்பிளியில் ஒரே பெயர் கொண்ட கோப்பையை வென்றபோது, பெண்கள் அணிக்கு 4,30,000 பவுண்டு, ஆண்கள் அணிக்கு 20 லட்சம். யுனைட்டடுக்கு இந்தத் தொகை பெரிதில்லை. மூன்றாம் டிவிஷனில் ஆடும் ஒரு பெண்கள் அணிக்கு இந்த இடைவெளிதான் முழுநேரப் பயிற்சியாளருக்கும் பகுதிநேரப் பயிற்சியாளருக்கும் உள்ள வித்தியாசம். ஒளிபரப்பு ஒப்பந்தம் சந்தை விலை என்று சொல்லலாம். இந்தப் பரிசுத்தொகையைத் தீர்மானிப்பது எஃப்ஏ. 1921இல் கதவைச் சாத்தியதும் அதே எஃப்ஏதான். இந்தக் கடனை அவர்கள் சமமான பரிசாகத் திருப்பிக் கொடுப்பதே நியாயம் என்று நினைக்கிறேன்.

அடுத்த சீசனையும் சொல்ல வேண்டும். முக்கியமானவர்கள் போன பிறகும், அந்தத் தற்காலிக அறைகளின் அவமானத்துக்குப் பிறகும், மாயா லெ டிஸியே தலைமையில் இந்த அணி லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. 2025 மே 18 அன்று மறுபடி வெம்பிளி, தொடர்ந்து மூன்றாவது இறுதிப் போட்டி. செல்சியிடம் 0-3 என்று தோற்றார்கள். வந்தவர்கள் 74,412 பேர்.

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. ஒரு கிளப்பின் பெண்கள் வெம்பிளியில் இறுதிப் போட்டி ஆடும் நாளில் அதே கிளப்பின் ஆண்கள் ஆட்டத்தை வைக்காதீர்கள். சனிக்கிழமைக்கோ திங்களுக்கோ மாற்றுங்கள். தொலைக்காட்சிக்காக வாரந்தோறும் மாற்றுகிறவர்களுக்கு இது முடியாத காரியமில்லை. மாற்ற முடியவில்லை என்றால், கிளப்பை நடத்துகிறவர் எந்த மைதானத்தில் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நம் குழுவுக்கும் அதுதான். அடுத்த பெண்கள் இறுதிப் போட்டி நாளன்று நான் ஸ்கோர் போடுவேன், கோல் வீடியோ போடுவேன். தயவுசெய்து "இங்கே ஆண்கள் மேட்ச் மட்டும் பேசலாம்" என்று யாரும் சொல்லாதீர்கள்.