புதிதாக வருகிறவளுக்கு எங்கே இடம்?

எங்கள் கரைப்பக்கத்து ஊர்களுக்கும் பெண்களுக்கான யோகா வகுப்புகளும், பாட்டுக்கு ஆடிச் செய்யும் ஜூம்பா உடற்பயிற்சி வகுப்புகளும் வந்துவிட்டன. மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆசையோடு சேருகிறவர்களில் பலர் சில நாட்களிலேயே நின்றுவிடுகிறார்கள். பயிற்சி கடினமாக இருந்ததால் நின்றவர்களைவிட, கூட இருந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தால் நின்றவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடம். மின்விசிறிக்கு நேர் கீழேயும் முன்வரிசையிலும் பழைய ஆட்களின் விரிப்புகள் முன்கூட்டியே கிடக்கும். இன்னும் வந்து சேராத தோழிக்கும் ஒரு துண்டு விரித்திருப்பார்கள். புதிதாக வந்தவள் வாசல் தூணோரம் நிற்பாள். அங்கிருந்து ஆசிரியரின் தலை தெரியும், கால் தெரியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அடி வைப்பாள், அவரும் புதியவர். இருவரும் தவறாகத் திரும்பியதும் முன்னாலிருந்து சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு மறுநாள் வர எத்தனை பேருக்கு மனம் வரும்?

அடுத்தது வாய். "கல்யாணத்தின்போது கொடி மாதிரி இருந்தாயே!" என்பார் ஒருவர். "இன்னும் குழந்தை இல்லையா? இந்த ஆசனத்தை விடாமல் செய், தங்கும்" என்பார் இன்னொருவர். அக்கறையாகத்தான் சொன்னேன் என்பார்கள். கேட்டவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவதை நான் கண்டிருக்கிறேன். இது அக்கறை இல்லை.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறது, கை தூக்குங்கள்" என்று சபையில் கேட்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி என்ற வேகமான மூச்சுப் பயிற்சியைச் செய்யக்கூடாது. இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சியின் நடுவே சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். இவ்வளவு முக்கியமானது என்பதால்தான் தனியாக அழைத்துக் கேட்கச் சொல்கிறேன். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கும் ஊரில், எல்லோர் முன்னாலும் எவளும் உண்மையைச் சொல்லமாட்டாள்.

கைபேசியைப் பற்றி விவாதமே வேண்டாம். புர்காவைக் கழற்றி வைத்துவிட்டுப் பயிற்சி செய்கிறவர்கள் இருக்கும் அறையில் படம் எடுக்கவே கூடாது. தற்படமும் கூடாது, பின்னால் நிற்கிறவளும் அதில் விழுவாள்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. கடலில் பாசி எடுக்கப் போகிற ஒரு பெண் வகுப்பில் சேர்ந்தபோது, "நாள் முழுக்க உழைக்கிற உடம்புக்கு எதற்குப் பயிற்சி?" என்று கேட்டார்கள். மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பறித்து, நனைந்த சாக்கைச் சுமந்து வருகிறவள் அவள். அவளுடைய இடுப்பும் தோளும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து இறுகிப்போயிருக்கின்றன. அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் வந்தாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும்போது அவள் கடலுக்குப் போயாக வேண்டும். வகுப்புக்கு வர முடியாது. திரும்பி வந்தால் "நினைத்தால் வருகிறாள், நினைத்தால் நிற்கிறாள்" என்ற பேச்சு. படகு கரை சேரும் நாளில் மீன் பிரிக்கப் போகும் மதினிமாருக்கும் இதே பேச்சுதான்.

விட்டுவிட்டு வந்தால் பயனில்லை என்று யார் சொன்னது? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்ட உலக சுகாதார நிறுவனமே, அந்த அளவை எட்ட முடியாவிட்டாலும் கொஞ்சமாவது செய்வது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்றும் அதிலேயே சொல்கிறது.

வகுப்பு நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கடல் வேலைக்குப் போகும் பெண்களிடம் முழு மாதக் கட்டணம் வாங்காதீர்கள், வந்த நாளுக்கு மட்டும் வாங்குங்கள். அவர்கள் விட்டுப்போன அடிகளைத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள். பழகியவர்கள் அந்த ஐந்து நிமிடம் பின்வரிசைக்குப் போய் நில்லுங்கள். உங்களுக்குத்தான் அடிகள் மனப்பாடமாயிற்றே.