தண்ணீர் இறங்கும் நேரம்

போன மாதம் பெரியம்மாவின் அஸ்தியைக் கரைக்க, மலேசியாவில் எங்கள் பந்திங் ஊருக்குப் பக்கத்திலுள்ள மோரிப் கடற்கரைக்குப் போயிருந்தோம். அங்கே தண்ணீர் இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான் என்பது பந்திங்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஏற்றம் பார்த்து விடியற்காலையிலேயே போய்விட்டோம். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டியைக் கவிழ்த்தபோது என் காலில் ஏதோ சுற்றியது. குனிந்து எடுத்தேன். மஞ்சள் துணி, பாலியஸ்டர். போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை, உள்ளே மண் ஏறிக் கனத்துப்போயிருந்தது. எங்களுடையது இல்லை. எங்களுக்கு முன்னால் யாரோ செய்த காரியத்துடையது. கரையில் ஐம்பது அடி நடப்பதற்குள் பூவோடும் வெற்றிலையோடும் கட்டி வீசிய பிளாஸ்டிக் பைகள் பதினொன்று எண்ணினேன்.

'சாவு வீட்டிலுமா குப்பைக் கணக்கு பார்ப்பாய்' என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அன்றிலிருந்து மனசில் கிடப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாம் செம்பனைத் தோட்டத்து ஆட்கள். கடல் என்றால் அது மீனவர்கள் பாடு, கேரித் தீவில் கடலைக் கும்பிடும் மா மெரி பூர்வகுடி மக்கள் பாடு என்று நினைத்தே வளர்ந்தோம். ஆனால் எங்கள் தோட்டத்தின் கடைசி நிரைக்கு அப்பால் இருந்தது பண்டு, கடல் தண்ணீரைத் தடுக்கும் மண்கரை. பண்டுக்கு அந்தப் பக்கம் பாக்காவ் என்ற அலையாத்திக் காடு, அப்புறம் கடல். பண்டின் நடுவில் ஒரு மதகு. கடல் ஏறும்போது கதவு தானாக மூடிக்கொள்ளும், இறங்கும்போது தானாகத் திறக்கும். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்கென்றே போவோம். கதவு திறந்ததும் அல்லூர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வாய்க்கால்களில் தேங்கிய தேநீர் நிறத் தண்ணீர் அத்தனையும் ஒரே இழுப்பில் வெளியே ஓடும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் துணி துவைத்த சோப்பு நுரை, எண்ணெய்ப் போத்தல், யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு எல்லாம் அதோடு போகும். நாங்கள் கைதட்டுவோம். ஒரு நாளைக்கு இரண்டு முறை, வருஷம் முழுக்க, அந்த மதகு எங்கள் தோட்டத்தைக் கடலில் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தது.

பெரியம்மா உரம் போடும் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். மூட்டையைப் பிரித்து வாளியில் கொட்டிக்கொண்டு, கிண்ணத்தால் அள்ளிச் செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாக வீச வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். மறுநாள் போய்ப் பார்த்தால் மரத்தடியில் வெள்ளையாகக் கிடந்ததில் பாதி இருக்காது. "மரத்துக்கா போடுறோம், மழைக்குல்ல போடுறோம்" என்பார் பெரியம்மா. வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் கணக்கில் எல்லாம் மரத்துக்குப் போனதாகத்தான் எழுதியிருக்கும்.

அந்த உரம் எங்கே போகிறது என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் கரைந்த உரம் பாசிக்குத் தீனி. பாசி மளமளவென்று பெருகி, செத்து, அடியில் மக்கும். மக்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். நீந்தத் தெரிந்த மீன் ஓடிப் பிழைக்கும். சிப்பியும் நண்டும் கிடந்த இடத்திலேயே மூச்சுமுட்டிச் சாகும். அமெரிக்காவின் சோளக்காட்டு உரம் மிசிசிப்பி ஆற்றில் இறங்கி, மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் இப்படி ஒரு உயிரற்ற பகுதியை உண்டாக்குகிறது. உலகம் முழுக்க இப்படிப்பட்ட இடங்கள் 400க்கும் மேல் என்று 2008இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அந்த விவசாயிகளில் எத்தனை பேர் அந்தக் கடலைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

நல்லதையும் சொல்ல வேண்டும். செம்பனை எண்ணெய் மில்லிலிருந்து வரும் கழிவுநீர் மக்குவதற்கு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு காலத்தில் அது அப்படியே ஆற்றில்தான் போனது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது, 1977இல் மில்களுக்கென்று தனி விதிகள் வந்தன. படிப்படியாக இறுக்கி, 1984இல் ஆற்றில் விடும் நீருக்கான வரம்பை 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார்கள். மில்லுக்குப் பின்னால் குளம் குளமாக வெட்டியிருப்பது அதற்காகத்தான். கட்டாயப்படுத்தினால் நடக்கும். அதே சமயம், அடைமழை ராத்திரிக்கு மறுநாள் அல்லூர் கறுத்துப்போய், கெளுத்தியெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மிதந்ததையும் எங்கள் லயத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் பிளாஸ்டிக். 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், உலகத்துக் குப்பை நம் பக்கத்து ஊர் ஜென்ஜாரோமில் வந்து குவிந்தது. ராத்திரியில் எரிப்பார்கள், ஜன்னலைச் சாத்தினாலும் தொண்டை எரியும். ஊர் மக்கள் விடாமல் புகார் செய்துதான் சட்டவிரோதத் தொழிற்சாலைகளை மூட வைத்தார்கள். 2020 ஜனவரி நிலவரப்படி 150 கொள்கலன்களில் 3,700 டன்னுக்கும் மேற்பட்ட கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தது நம் அரசாங்கம். எனக்கு அதில் உண்மையாகவே பெருமை. ஆனால் கொள்கலனில் ஏற்ற முடிந்ததுதானே திரும்பிப் போனது? வாசிக்கத் தெரியாத மொழி அச்சடித்த பால் பை ஒன்றை, ஊரிலிருந்து கடலுக்குப் போகும் அல்லூரில் நானே எடுத்தேன்.

'கடல் எவ்வளவு பெரிசு, அதுக்கு ஒண்ணும் ஆகாது' என்பவர்களுக்கு நான் ரந்தாவ் அபாங்கைச் சொல்வேன். 1950களில் அந்தத் திரெங்கானு மாநிலக் கடற்கரையில் பெலிம்பிங் என்ற ராட்சதக் கடலாமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் வைத்தன. இன்றைக்கு அந்த ஆமை அங்கே வருவதே அநேகமாக நின்றுவிட்டது. முட்டையைத் தோண்டித் தின்றோம், வலையில் மாட்டிச் சாகவிட்டோம். நானும் சின்னப் பையனாக ஆமை முட்டை தின்றிருக்கிறேன், எந்த ஆமையுடையது என்று யாரும் கேட்டதில்லை. பிங்பாங் பந்து மாதிரி இருக்கும், விரலால் அமுக்கினால் குழி விழும். எவ்வளவு நேரம் அவித்தாலும் வெள்ளைக்கரு இறுகாது. பெலிம்பிங் முட்டை விற்பதைத் திரெங்கானு 1989இல் தடுத்தது, எல்லா ஆமை முட்டைகளுக்கும் தடை 2022இல்தான் வந்தது. பெலிம்பிங்கைப் பொறுத்தவரை ரொம்பத் தாமதம்.

கடல் சூடாவதும் பவளம் வெளுப்பதும் நம் மதகைத் தாண்டிய பெரிய கதை. 2010இல் பவளம் வெளுத்து, தியோமான், ரெடாங் தீவுகள் பக்கம் முக்குளிக்கும் இடங்களை மூடியது நினைவிருக்கும். 2024இல் உலகம் முழுக்கவே பவளம் வெளுத்தது. அதற்கு நாடுகள் உட்கார்ந்து பேச வேண்டும். நம் அல்லூருக்கு யாரும் வந்து பேச மாட்டார்கள், நாம்தான் பேச வேண்டும்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றோரத்து மரங்களை மறுநடவு செய்யும்போது கரையை ஒட்டி நடாமல் ஒரு பட்டை நிலம் விட வேண்டும், அந்தப் புல்லும் புதரும் உரத்தைப் பிடித்துவைக்கும். மழை வரும் என்று தெரிந்த நாளில் உரம் போடச் சொல்லக் கூடாது. மதகுக்கு முன்னால் ஒரு குப்பைத் தடுப்பு போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை அள்ள வேண்டும். கோயில் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை: காரியம் செய்து வைக்கும் ஐயரிடம் சொல்லி, பருத்தித் துணியும் வாழையிலையும் மண்சட்டியும் மட்டும் கடலுக்குள் போகும்படி செய்யுங்கள். சாஸ்திரம் பிளாஸ்டிக் பையைக் கேட்கவில்லை.

பெரியம்மாவின் வருஷத் திதிக்கு மறுபடியும் மோரிப் போவோம். இந்தத் தடவை இரண்டு கோணி எடுத்துப் போகிறேன். அன்றைக்கு உங்கள் வீட்டுக் காரியமும் அங்கே இருந்தால் சொல்லுங்கள், உங்கள் பைகளையும் சேர்த்தே கொண்டுவந்துவிடலாம்.